கடைசிப் பக்கத்துக் கடைசி வரி

பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்கள் முதல் பக்கத்தில் பெயர் வரவேண்டும் என்று தவம் கிடப்பார்கள். ஆனால் போலீஸ் வந்தால் முதலில் படிப்பது கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வரியைத்தான். "அச்சிட்டு வெளியிடுபவர்" என்று போட்டு ஒரு பெயர் இருக்குமே, அந்த வரி. உங்களில் யாராவது அந்த வரியில் குடியிருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன எங்கள் ஊரின் முத்தியால்பேட்டையில் எங்களுக்கு ஒரு சின்ன ஆப்செட் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்போம். வெள்ளிக்கிழமைதோறும் எட்டுப் பக்கத்தில் ஒரு பேப்பரும் போடுகிறோம். மிஷினை ஓட்டுவது என் வீட்டுக்காரர் செல்வம். பக்கம் கட்டுவது, பிழை திருத்துவது, விளம்பரத்துக்கு அலைவது, வம்பில் மாட்டுவது எல்லாம் கோமதியாகிய நான்.

ராசியான பெயர்

பேப்பர் தொடங்கும்போது யார் பெயரில் பதிவு செய்வது என்று பேச்சு வந்தது. எங்கள் ஜோசியர் வீட்டுக்காரருடைய ஜாதகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். என் ஜாதகத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அம்மா பேர்ல போடுங்க, அமோகமா வரும்" என்றார். ஏற்கெனவே ஸ்கூட்டர், கேஸ் சிலிண்டர், மிஷின் லோன் எல்லாம் என் பெயரில்தான் இருந்தன. எங்கள் வீட்டில் ராசி முழுவதும் எனக்கு, சம்பந்தப்பட்ட பொருளை அனுபவிப்பது அவர்.

மாஜிஸ்திரேட் முன்னால் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டும். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். கோர்ட்டில் இருந்த வயதான கிளார்க் என் புடவையையும் பத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை என் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டே சொன்னார்: "பேப்பர்ல எவன் எத எழுதினாலும் மொதல்ல உங்களத்தாம்மா கூப்புடுவாங்க. தெரிஞ்சுதான போடறீங்க?"

மூலையில் ஓர் எண்

எங்கள் பேப்பருக்கு நிருபர் என்றால் அது கலீல் ஒருவர்தான். காஜியார் வீதிக்காரர். குடும்பமே துணி வியாபாரக் குடும்பம்; இவர் மட்டும் வழிதவறி எழுத வந்துவிட்டார். ஒரு புதன்கிழமை மத்தியானம் சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து என் மேஜையில் வைத்தார். ஓர் அரசுத் துறையின் ஆய்வு அறிக்கை, ஜெராக்ஸ். சேதராப்பட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆழ்குழாய் போர்களிலிருந்து தண்ணீரை எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். எந்தெந்தத் தெருவில் குடிக்கலாம், எங்கே குடிக்கவே கூடாது என்று வரிசையாகப் பட்டியல். குடிக்கக்கூடாத பட்டியல்தான் நீளம். முதல் பக்கத்திலேயே "ரகசியம்" என்று முத்திரை. அறிக்கை கொடுத்து மாதங்கள் ஆகியிருந்தன. அந்த ஊர்க்காரர்கள் அன்று காலையிலும் அதே தண்ணீரைத்தான் குடித்திருப்பார்கள்.

"யாரு குடுத்தா தம்பி?" என்றேன். கலீல் தலையை ஆட்டினார். பிறகு அறிக்கையின் வலது மூலையைக் காட்டினார். பேனாவால் எழுதிய ஓர் எண் இருந்தது. இந்த மாதிரி அறிக்கையை ஏழு படிதான் எடுப்பார்களாம். ஒவ்வொரு படியிலும் மூலையில் ஓர் எண்ணைப் போட்டு ஏழு பேரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்களாம். எண் தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும். நான் அதன் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டேன், யாரோ எட்டிப் பார்ப்பதுபோல. கலீல் சொன்னார்: "அறிக்கைய அப்படியே படமா போடுங்கக்கா, அப்பதான் நம்புவாங்க. மூலைய மட்டும் மறச்சிடுங்க. அது வெளிய போச்சுன்னா ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துரும்."

முந்தின நாள் பக்கம்

மறைத்தேன். சத்தியமாக மறைத்தேன். வியாழன் காலை கம்ப்யூட்டரில் அந்த மூலையில் வெள்ளைக் கட்டம் ஒன்றை வைத்து ஒட்டினேன். ஆனால் அச்சுத் தகடு, அதாவது பிளேட், போடுவதற்குப் பக்கத்தை எடுத்தபோது, புதன்கிழமை மாலையில் சேமித்து வைத்திருந்த பக்கத்தை எடுத்துவிட்டேன். இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு இது புதிதல்ல. செத்தவர் படத்துக்கு மேலே "இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்" வந்ததெல்லாம் இப்படித்தானே!

மிஷின் ஓட ஆரம்பித்தது. முதலில் வரும் தாள்களில் மை சீராக இருக்காது. அவற்றைக் கழித்துப் போட்டுக்கொண்டே வீட்டுக்காரர் மையைச் சரிசெய்வார். நான் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அந்த எண் கறுப்பாக, அழகாக, ஒரு குறையுமில்லாமல் அச்சாகியிருந்தது. "நிறுத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை இஸ்திரிக்காரர் ஓடிவந்துவிட்டார். நல்லவேளையாகக் கட்டு எதுவும் வெளியே போகவில்லை. நான் புது பிளேட் போட்டேன். பழைய பிளேட்டை வீட்டுக்காரர் சுரண்டி மடக்கினார், கழித்துப் போட்ட தாள்களைப் பின்பக்கம் தகர டிரம்மில் போட்டுக் கொளுத்தினார். ஜெராக்ஸையும் கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க்கையும் கலீல் எடுத்துக்கொண்டு போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கு மிஷினில் பேப்பருக்கு முன்னால் ஓடியது ஒரு கல்யாணப் பத்திரிகை. அரியாங்குப்பத்தில் இருக்கும் போலீஸ் ஏட்டு தணிகாசலத்தின் பெண்ணுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வீடு சேதராப்பட்டு. பக்கம் கட்டியது நான்தான். மாலையில் ஏட்டு மனைவி வந்து பத்திரிகைக் கட்டு இரண்டையும் ஆட்டோவில் வாங்கிக்கொண்டு போனார். நான் தகர டிரம்மை மறுபடி மறுபடி எட்டிப் பார்ப்பதைக் கண்டு வீட்டுக்காரர் ஆறுதலாகச் சொன்னார்: "ஒரு தாள் மீதி இல்ல கோமதி, எல்லாம் சாம்பல். நீ போய் காபி போடு."

மூன்றாவது வரிசை

வெள்ளிக்கிழமை பேப்பர் வந்தது. பத்து மணிக்கே கடைகளில் தீர்ந்துவிட்டது என்று போன் வந்தது. எங்கள் பேப்பர் தீர்ந்துபோனது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்படக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. மதியம் செங்கேணி என்று ஒரு பெண் வந்தாள். சேதராப்பட்டுப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள். இடுப்பில் குழந்தை, கையில் ஒரு பாட்டில் தண்ணீர். எழுத்து பொடியாக இருக்கிறது, எங்கள் தெரு இதில் எங்கே இருக்கிறது பார்த்துச் சொல்லுங்கள் என்றாள்.

பட்டியலில் விரலை வைத்துத் தேடினேன். மூன்றாவது வரிசையில் இருந்தது. குடிக்கக்கூடாத பக்கத்தில். அவள் அழவில்லை, திட்டவில்லை. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. அதற்குள் குழந்தை பாட்டிலுக்குக் கையை நீட்டியது, அவள் வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். அந்த இழுப்பைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. பிறகு "ரகசியம்" என்ற முத்திரையைக் காட்டி இது என்ன என்று கேட்டாள். யாருக்கும் தெரியக்கூடாது என்று அர்த்தம் என்றேன். "எங்க வூட்டு போர்ல வர்ற தண்ணிங்க இது. அது எங்களுக்கே தெரியக்கூடாதுன்னா, வேற யாருக்குத் தெரியறதுக்கு எழுதி வெச்சாங்களாம்?"

சிவப்புத் தொப்பிகள்

திங்கட்கிழமை காலையில் ஜீப் வந்து நின்றது. எங்கள் ஊர்ப் போலீசுக்கே உரிய சிவப்புத் தொப்பிகளாக இறங்கின. அரசு ரகசியச் சட்டத்தில் வழக்கு, முதல் எதிரி நான், இரண்டாவது எதிரி கலீல். இன்ஸ்பெக்டர் மரியாதையான மனிதர். உட்காருங்கள் என்று என் நாற்காலியையே எனக்குக் காட்டினார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி அடி வரியில் விரலை வைத்து, "இது நீங்கதானே?" என்றார். ஆமாம் என்றேன். பயந்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பிறகு அவரே விளக்கினார். ஏழு அதிகாரிகளும் தங்கள் தங்கள் படியைக் கொண்டுவந்து காட்டிவிட்டார்களாம், ஒன்றும் காணாமல் போகவில்லையாம். யாரோ ஒருவர் ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார். நீங்கள் மறைத்த மூலையில் என்ன எண் என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

கம்ப்யூட்டரை எடுத்தார்கள். அலமாரியை, பிளேட் அடுக்கை, கால் துடைக்கும் சாக்கைக்கூட உதறினார்கள். எடுத்ததையெல்லாம் ஒருவர் பட்டியல் போட்டார். வந்தவர்களில் ஏட்டு தணிகாசலமும் ஒருவர். குப்பைக் கூடையைக் கவிழ்த்துக் கிளறிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து என் வீட்டுக்காரரைப் பார்த்து, சங்கடத்தை மறைக்கச் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தார். அதைக் கேட்டதும் வீட்டுக்காரர் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் இறங்கிவிட்டது. அப்போது எனக்குக் காரணம் புரியவில்லை. ஏட்டு சொன்னது இவ்வளவுதான்: "பொண்ணு பத்திரிகை நல்லா வந்திருக்குன்னு இங்க ஒண்ணு பாத்துட்டு வந்து வூட்ல சொன்னாங்க. நான் இன்னும் பாக்கல. பன்னெண்டு மணிக்கு மேல நல்ல நேரம், அப்பதான் கட்டு பிரிக்கறோம்."

நாலு மூலை

ஜீப் தெருமுனை தாண்டியதும் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். வியாழக்கிழமை நான் புது பிளேட் போட்டுக்கொண்டிருந்தபோது மிஷின் சும்மா நின்றது. இந்த மனிதருக்குச் சும்மா நிற்கத் தெரியாது. மேஜையில் தயாராக இருந்த கல்யாணப் பத்திரிகைகளைக் கட்டாகக் கட்டியிருக்கிறார். கட்டுக்கு மேலே எதைச் சுற்றுவோம்? கழித்த தாளைத்தான். எல்லா அச்சகத்திலும் அதுதான் பழக்கம். நல்ல தாளை எவனாவது சுற்றுவானா? முப்பது வருஷமாகப் பழகிய கை, மேலே கிடந்த இரண்டு தாளை எடுத்துச் சுற்றிவிட்டது. அதற்குப் பிறகுதான் மீதியைக் கொளுத்தினார். ஊரெல்லாம் தேடும் எண், தேடும் போலீஸ்காரர் வீட்டிலேயே இரண்டு கட்டாக உட்கார்ந்திருந்தது. அவரைத் திட்டக்கூட எனக்கு நேரமில்லை. காக்கித்தாள் ஒரு சுருளை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். ஆற்றுப் பாலத்தில் நெரிசல். பஸ்ஸுக்குப் பின்னால் நின்றபோது மணி பன்னிரண்டு பத்து.

ஏட்டு பர்மிஷன் போட்டு எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டார். கூடத்தில் வீடே உட்கார்ந்து பத்திரிகைக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தது. நடுவில் ஏட்டு, கையில் மஞ்சள் கிண்ணம். தரையில் கறை படாமல் இருக்க ஒரு தாளை விரித்திருந்தார்கள். அது எங்கள் தாள். அறிக்கையின் படம் மேலே பார்த்தபடி, அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. முகூர்த்த நேரத்தில் ஒரு சந்தேகம், கட்டைப் பார்க்க வந்தேன் என்று உளறினேன். ஏட்டு மனைவி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "ஐயோ, தப்பா அடிச்சிட்டீங்களா?" என்று பதறினார். கல்யாண வீட்டில் போய் இப்படி ஒரு பொய் சொல்ல எனக்கு எவ்வளவு கூசியது தெரியுமா! பிரிக்காத இன்னொரு கட்டை மடியில் இழுத்துக்கொண்டு, மேல்தாளை உருவிப் பைக்குள் திணித்துவிட்டுக் காக்கித்தாளைச் சுற்றினேன். நேரம் சரியாகத்தான் இருக்கிறது என்றேன். அந்த அம்மாளுக்கு மூச்சு வந்தது.

தரையில் விரித்த தாள் மிச்சமிருந்தது. அதை எப்படிக் கேட்பது? ஏட்டு என்னைப் பார்த்தார். குனிந்து தாளைப் பார்த்தார். அதை முழுவதும் படிக்கிற அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு நடுவிரலை மஞ்சளில் தோய்த்து, படத்தின் வலது மூலையில் வைத்து, குழந்தை முகத்துக்கு மாவு பூசுவதுபோல ஒரு தேய் தேய்த்தார். இன்னொரு தடவை தோய்த்து இன்னொரு தேய். எண் இருந்த இடத்தில் மஞ்சள் சேறுதான் இருந்தது. தாளைச் சுருட்டி மனைவியிடம் நீட்டி வெந்நீர் அடுப்பில் போடச் சொன்னார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "மஞ்சள் வெக்கும்போது ஒரு மூலையும் வுடக்கூடாதும்மா. கெளம்புங்க, வெயில் ஏறுது."

டீயும் பிஸ்கெட்டும்

ஏட்டு புரிந்துதான் செய்தாரா, வேறு ஏதோ யோசனையில் செய்தாரா, நாளைக்கு மனம் மாறுவாரா என்று எனக்குத் தெரியவில்லை. தூக்கம் போய்விட்டது. இதற்கிடையில் கலீலை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு வாரம், தினமும் காலை பத்திலிருந்து மாலை வரை. அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஒரே நாற்காலி, ஒரே கேள்வி. நடுவில் ஆள் மாறி ஆள் வந்து அதே கேள்வியை முதலிலிருந்து கேட்பார்களாம். அவருடைய அண்ணன் அச்சகத்துக்கே வந்து, "அந்தாளு பேரச் சொல்லிட்டா இவன வுட்ருவாங்கன்னு சொல்றாங்கம்மா, நீங்களாவது சொல்லுங்க" என்று கெஞ்சினார். எனக்கு அந்தப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும் என்பதை அவரிடம் எப்படிச் சொல்ல?

ஏழாவது நாள் கலீல் நேராக இங்கே வந்தார். சட்டை காலர் கறுத்து, கண் உள்ளே போயிருந்தது. முடியவில்லை என்றால் சொல்லிவிடு தம்பி, யாரும் உன்னைக் குறை சொல்லமாட்டார்கள் என்றேன். சொல்லிவிட்டு எனக்கே அது பிடிக்கவில்லை. அவர் சிரித்தார். "டீ குடுத்தாங்கக்கா, பிஸ்கெட் குடுத்தாங்க, பேரு மட்டும் கேட்டாங்க. டீயையும் பிஸ்கெட்டையும் வாங்கிக்கினேன்."

பேரன் காலத்துச் சட்டம்

எங்களுக்கு வக்கீல் அந்துவான். எழுபதைத் தாண்டியவர், கோர்ட்டுக்குப் போகாத நாளிலும் கழுத்துப்பட்டை கட்டுபவர். பெண் வாடிக்கையாளர்களை இன்றும் பிரெஞ்சு வழக்கப்படி மதாம் என்றுதான் கூப்பிடுவார். முன்ஜாமீன் வாங்கிக் கொடுத்துவிட்டு எனக்கு ஒரு பாடம் நடத்தினார். உங்களையும் கூப்பிடுவார்கள். தெரியாது என்று பொய் சொல்லாதீர்கள், பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் வேண்டும். சொல்ல விருப்பமில்லை என்று சொல்லுங்கள், எதிரியாக நிற்பவரைத் தனக்கு எதிராகப் பேசச்சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்றார். கண்ணாடி முன் நின்று பத்து தடவை சொல்லிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பார்த்தேன். பத்து தடவையும் குரல் உடைந்தது.

தண்ணீர் சரியில்லை என்பதைச் சொன்னதற்கு எப்படி சார் உளவாளிச் சட்டம் என்று கேட்டேன். சட்டப் புத்தகத்தை எடுத்து, இது வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது என்று பக்கத்தைக் காட்டினார். ஜெயிலுக்குப் போக நேருமா என்றேன். நேரலாம் என்றார், ஒளிக்காமல். என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து, அவரே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். "எங்க தாத்தா பிரெஞ்சுக்காரன் ஆட்சியில பொறந்து, அதுலயே போய்ச் சேர்ந்தாரு மதாம். இங்கிலீஷ்காரன் போட்ட சட்டம் பேரன் காலத்துலதான் நம்ம வூட்டுக் கதவத் தட்டுது, பாருங்க."

பின்னால் ஏட்டு

என் முறை வந்தது. ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டருக்கு முன்னால் நான், எனக்குப் பின்னால் கதவோரம் விறைப்பாக ஏட்டு தணிகாசலம். அவர் அங்கே நிற்பார் என்று நான் நினைக்கவே இல்லை. இன்ஸ்பெக்டர் எங்கள் பேப்பரை விரித்து வெள்ளைக் கட்டத்தில் பென்சிலால் தட்டினார். "இதுக்கு அடியில என்ன இருந்தது?" சொல்ல விருப்பமில்லை என்றேன். ஆச்சரியம், குரல் உடையவில்லை. செங்கேணி பாட்டிலைப் பின்னால் இழுத்தது ஞாபகம் வந்துவிட்டது. அவர் இன்னும் நாலு விதமாகக் கேட்டார். உங்கள் பெயரை வழக்கிலிருந்தே எடுத்துவிடலாம், ஒரே ஓர் எண், வாயால்கூட வேண்டாம், இந்தத் தாளில் எழுதுங்கள் என்று பென்சிலை என் பக்கம் உருட்டினார். எனக்கும் கல்லூரியில் படிக்கும் மகள் இருக்கிறாள். அந்தப் பென்சிலை நான் ஒரு நிமிஷம் பார்த்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பிறகு அதை அவர் பக்கமே உருட்டிவிட்டேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். திடீரென்று ஏதோ தோன்றியதுபோல நிமிர்ந்தார். அவருடைய மாமனார் அச்சுத்தொழிலில் இருந்தவராம், எனக்கு அது தெரியாது. "ஏட்டு, பிரஸ்ல கழிச்சுப் போட்ட தாள்னு ஒண்ணு இருக்குமே. மறைக்கிறதுக்கு முன்னாடி அடிச்சது அதுல வந்திருக்கலாம். தேடினீங்களா?" திரும்பிப் பார்க்கத் தோன்றியது, பார்க்கவில்லை. பூட்ஸ் சேர்ந்து நிற்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஏட்டு பதில் சொல்வதற்குள் எனக்கு ஒரு வயது கூடிவிட்டது. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லாத பதில்: "கூடை கூடையா கவுத்துப் பாத்தாச்சுங்கய்யா. பிரஸ்ல ஒண்ணுகூட இல்ல."

பெயர் வேண்டாம்

வழக்கு ஊருக்குத் தெரிந்ததும் வியாபாரம் படுத்தது. அரசாங்க விளம்பரம் நின்றது, அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, பழைய வாடிக்கையாளர்கள் எதிர் நடைபாதையில் நடக்க ஆரம்பித்தது. பதினைந்து வருஷமாக எங்களிடமே அடிக்கும் ஒருவர் மகன் கல்யாணத்துக்கு வந்தார். உங்களைவிட்டு வேறு எங்கே போவேன் என்று உருகினார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அட்டை, எழுத்து, பிள்ளையார் படம் எல்லாம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பத்திரிகை அடியில உங்க பிரஸ் பேரு வருமே, அத மட்டும் வேணாம்மா. பொண்ணு வூட்டுக்காரங்க கவர்மெண்டு உத்தியோகம்."

வாய்தா

குற்றப்பத்திரிகை போட்டுவிட்டார்கள். கோர்ட்டில் மாதம் ஒருமுறை வாய்தா. காலையில் போய் நிற்பேன், பெயரைக் கூப்பிடுவார்கள், இருக்கேன் என்பேன், அடுத்த தேதி கொடுப்பார்கள். கலீலும் நானும் வராந்தாவில் உட்கார்ந்து அடுத்த வாரப் பேப்பருக்குப் பிழை திருத்துவோம். முடிவு எப்படி வரும் என்று அந்துவானுக்கே தெரியவில்லை. ஆனால் அந்த ஏழு பேரில் ஒருவரும் இன்றுவரை வேலை இழக்கவில்லை. அவர் யார் என்று எனக்கு இன்றும் தெரியாது. கலீலிடம் இரண்டாவது தடவை கேட்கவில்லை. துறை அலுவலகத்து ஆள் யாராவது விசிட்டிங் கார்டு அடிக்க வந்தால், இவராக இருக்குமோ என்று பார்ப்பேன். காபி மட்டும் எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறேன்.

போன வாய்தாவுக்கு ஏட்டு தணிகாசலம் கோர்ட் டியூட்டியில் இருந்தார். கல்யாணம் நன்றாக நடந்ததா என்று கேட்டேன். நடந்தது, பெண் சேதராப்பட்டுக்குப் போய்விட்டாள், ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள் என்றார். அன்றைக்கு மஞ்சளை எதற்காகத் தேய்த்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்கு முன்னாலேயே, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்தபடி சொன்னார்: "எம்பொண்ணு புகுந்த வூடு உங்க பட்டியல்ல ரெண்டாவது வரிசைம்மா. இப்ப தெனமும் லாரியில தண்ணி வருது. போர் தண்ணிய யாரும் தொடறதில்ல."

தண்ணீர் கெட்டிருக்கிறது என்று அரசாங்கம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, லாரி மட்டும் அனுப்புகிறது. மூலையில் இருந்தது என்ன எண் என்று நானும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, வாய்தாவுக்கு மட்டும் போய் வருகிறேன்.